முப்பத்தொன்றாம் கேள்வி

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் கம்பெனியின் மொபைல் ஆப்பில் 'பார்வையாளர் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இருநூறு எழுத்துக்கு மேல் ஏறாது. அந்த வரம்பை வைத்தவனே நான்தான். ஆளாளுக்குக் கதை எழுதக் கூடாது என்று வைத்தேன். இப்போது எனக்கே இடம் போதவில்லை. மிச்சத்தை இந்த நோட்டில் எழுதுகிறேன்.

வேலை இதுதான். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்ட, ஊட்ட, திருப்பிப் போட எங்கள் கம்பெனி வீடுகளுக்கு ஆள் அனுப்புகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் சொல்லாமல் போய் நிற்பேன். நாற்பத்திரண்டு கேள்விகள், கேள்விக்கு ஒரு மதிப்பெண். இதற்கு முன் பீளமேட்டில் பம்பு கம்பெனியில் நான்கு வருடம் தரக்கட்டுப்பாடு. பம்பு பேசாது, அழாது. அளவு பார்க்கும் கேஜை வைத்தால் உள்ளே போகும் அல்லது போகாது. இந்த வேலையையும் அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இன்று மூன்று வீடு. வடவள்ளியில் 38. சாயிபாபா காலனியில் 35, அங்கே வீட்டுக்காரர் "எங்க அம்மாவுக்கு நீ யாருப்பா மார்க் போட?" என்றார். மார்க் அம்மாவுக்கு அல்ல, ஹோம் நர்ஸுக்கு என்று விளக்கியதில் பத்து நிமிடம் வீண்.

மூன்றாவது, கணபதியில் ஜெகநாதன் வீடு. வயது 66. முப்பது வருடம் டவுன் பஸ் கண்டக்டர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம். வலது பக்கம் வேலை செய்யாது, பேச்சும் போய்விட்டது. மகள் தாரிணி மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். கீழே அப்பாவுடன் இருப்பவர் குருவம்மாள், 49, அருப்புக்கோட்டைப் பக்கம், இருபத்திநாலு மணி நேர டியூட்டி.

நான் உள்ளே போனபோது மதியம் 2.40. குருவம்மாள் தரையில் விரித்த பாயிலிருந்து அப்போதுதான் எழுந்து கொண்டையை முடிந்துகொண்டிருந்தார். நோயாளியின் இடது மணிக்கட்டில் பழைய வேட்டிக் கரைத் துணி கட்டியிருந்தது. துணி கட்டில் கம்பிக்கு அடியில் போனது.

"என்னது இது?"

"துணி சார்."

"துணின்னு தெரியுது. எதுக்குக் கட்டுனீங்க?"

அவர் நோயாளியைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார். "அவுத்துர்றேன் சார்."

"நான் கேட்டது எதுக்குன்னு."

"அவரு ஒண்ணும் சொல்லலையே சார்."

"அவரால சொல்ல முடியாது. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

இந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது.

கேள்வி 31: நோயாளியின் கையோ காலோ எதனுடனாவது கட்டப்பட்டிருந்ததா? இது சிவப்புக் கேள்வி. மொத்தம் ஐந்து சிவப்பு இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மற்ற நாற்பத்தொன்றையும் பார்க்க வேண்டியதில்லை. ஆளை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இருந்தாலும் முழுதும் பார்த்தேன். தோல் சுத்தம், படுக்கைப்புண் இல்லை, நகம் வெட்டியிருக்கிறது, வாய் நாறவில்லை, படுக்கை உலர்ந்திருக்கிறது, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்ட பதிவேடு சரி. சிவப்பு இல்லாவிட்டால் 40 வந்திருக்கும்.

கட்டை அவிழ்த்ததும் நோயாளி தொண்டையில் சத்தம் எழுப்பி இடது கையை வீசினார். 'பதற்றம்' என்று குறித்தேன்.

மகள் படியில் இறங்கி வந்து கேட்டார்: "அப்பாவக் கட்டி வச்சிருந்தாங்களா?"

"ஆமாங்க. போட்டோ இருக்கு."

ஆப்பில் படம் சதுரமாகத்தான் ஏறும். மணிக்கட்டும் முடிச்சும் கம்பியும் தெரியும்படி வெட்டி ஏற்றினேன். வழக்கமான வேலை.


ஜூன் 4, புதன்

பிருந்தா மேடம் கூப்பிட்டார். எங்கள் கிளையை நடத்துபவர் அவர்தான். குருவம்மாளை நேற்று மாலையே எங்கள் ஆட்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு அழைத்துக்கொண்டாகிவிட்டது. பெயர் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. ஊரில் இதே தொழில் செய்யும் ஏழு ஏஜென்சிகளும் அந்தப் பட்டியலைப் பகிர்ந்துகொள்கின்றன. இனி எங்கேயும் வேலை கிடைக்காது.

"விளக்கம் கேட்டீங்களா மேடம்?"

"கேட்டாச்சு. 'தப்புதாங்க'ன்னுட்டாங்க. அதுக்கு மேல என்ன?"

ஜூலை 5 மீட்டிங்கில் இந்தக் கேஸை நான் விளக்க வேண்டுமாம். மூன்று மாவட்டத்துக்கும் தரப்பிரிவுத் தலைவர் பதவி அன்றைக்கு முடிவாகும் என்றார். எனக்கு முன்கூட்டியே வாழ்த்தும் சொன்னார்.


ஜூன் 5, வியாழன்

பாத்ரூம் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இரண்டு வீடு. 36, 37. வேறு ஒன்றும் இல்லை.


ஜூன் 9, திங்கள்

ஜெகநாதன் வீட்டுக்கு மீண்டும் போனேன். ஒயர் இல்லாத அழைப்பு மணி ஒன்றை நானே வாங்கி, அமுக்கும் ஒவ்வொரு முறையும் நேரம் பதிவாகும்படி சர்க்யூட் சேர்த்திருந்தேன். பட்டனைக் கட்டிலின் இடது கம்பியில் ஒட்டினேன். மணி ஹாலில். கட்டிப் போடாமல் ஒரு நோயாளி எப்படி உதவிக்குக் கூப்பிடலாம் என்பதற்கு இது மாதிரி. மீட்டிங்கில் காட்டலாம்.

புது ஹோம் நர்ஸ் ஷீலா, 26, அன்னூர்ப் பெண். சான்றிதழ்ப் படிப்பு முடித்தவள். பதிவேடு அச்சடித்ததுபோல் இருக்கிறது. 41.

நான் பட்டனை அமுக்கினேன். மணி அடித்தது. ஜெகநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலைப் பிடித்து அமுக்கவைத்தேன். அடித்தது. 'செயல்படுகிறது' என்று எழுதிக்கொண்டேன்.

நிமிரும்போது என் அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். விடுவித்தேன். மறுபடி பிடித்தார். மறுபடி ஒரு இழுப்பு.

"ஐயா எதக் கண்டாலும் புடிச்சு இழுக்கறாருங்க," என்றாள் ஷீலா. "என்ற துப்பட்டாவ விடறதே இல்லைங்க. அதான் பின்னு குத்திக்கிட்டேன்."

ஐந்து நிமிடத்தில் படுக்கை நனைந்தது. ஷீலா முகம் சுளிக்காமல் மாற்றினாள், நேரம் குறித்தாள். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். குருவம்மாள் இருந்தவரை படுக்கை நனைந்ததாக ஒரு பதிவுகூட இல்லை. மறைத்திருப்பார் என்று தோன்றியது. டயப்பர் பரிந்துரைத்தேன்.


ஜூன் 17, செவ்வாய்

தாரிணி போன் செய்தார். டயப்பர் பட்ட இடம் சிவந்துவிட்டதாம். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். புது ஆள் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், இது சாதாரணம் என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க," என்றார்.


ஜூன் 21, சனி

ஜெகநாதன் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். மதியம் மூன்று மணி. ஷீலா சமையலறையில் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தாள். கம்பி முடியும் இடத்தில், கால்மாட்டில், இறங்கப் பார்த்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

முதலில் மணியைத்தான் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறது. சிக்னல் ஹால் வரை போகிறது. பதிவையும் பார்த்தேன். பன்னிரண்டு நாளில் இரண்டே முறை அமுக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்பதாம் தேதி, ஒரே நிமிடத்தில். ஒன்று என் விரல். இன்னொன்று நான் பிடித்து அமுக்கிய அவர் விரல்.

'சாதனத்தில் பழுதில்லை' என்று அறிக்கை கொடுத்தேன். அது உண்மை. அப்படியென்றால் பழுது யார்மேல் என்பதைப் படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். மாலையே ஷீலாவையும் எடுத்துவிட்டார்கள். வாசலில் பையை வைத்துக்கொண்டு, "நான் கஞ்சிதானுங் கரைச்சுட்டு இருந்தேன்," என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.


ஜூன் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகவேண்டிய அவசியமில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டியும் இல்லை. ஏன் போனேன் என்று தாரிணியும் கேட்கவில்லை.

நாளை ஆபரேஷன். தாரிணி மருந்துச் சீட்டுடன் கீழே இறங்கவேண்டியிருந்தது. "ஒரு அஞ்சு நிமிஷம் அப்பாகிட்ட இருங்க," என்று போய்விட்டார். இந்த வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நோயாளி ஒருவருடன் அறையில் நான் தனியாக இருந்தது இதுதான் முதல் முறை.

ஜெகநாதன் என் சட்டைக் கையைப் பிடித்தார். ஒரு இழுப்பு.

"என்னங்க வேணும்?"

மறுபடி ஒரு இழுப்பு. கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணியா?" அசையவில்லை. "வலிக்குதா?" இல்லை. "நர்ஸக் கூப்பிடட்டுமா?" இல்லை. "ஃபேனா?"

இரண்டு இழுப்பு. டக், டக் என்று அளந்து.

ஃபேனைக் குறைத்தேன். கையை விட்டுவிட்டார்.

தற்செயலாக இருக்கலாம். ஒரு அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. காத்திருந்தேன். சற்று நேரத்தில் மறுபடி ஒரு இழுப்பு. போர்வை, தண்ணீர், வெளிச்சம், தலையணை என்று வரிசையாகக் கேட்டேன். தலையணை என்றதும் இரண்டு. தலையணையை எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்துக்கு அடியில் கை கொடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. இதைச் சோதிக்கக் கேள்வி எண் 12 வைத்திருக்கிறேன்: 'தலையைச் சரியான முறையில் தாங்குகிறாரா?'

ஒரு மணி அடித்தால் நிற்க, இரண்டு அடித்தால் போக. டவுன் பஸ்ஸில் கூரையோரம் கயிறு ஓடும். கண்டக்டர் இழுத்தால் டிரைவர் தலைக்கு மேல் மணி அடிக்கும். சின்ன வயதில் அந்தக் கயிற்றை எட்டிப் பிடிக்க நானும் குதித்திருக்கிறேன். ஒன்று: நில்லு, எனக்கு ஏதோ வேண்டும். இரண்டு: ரைட், அதேதான், போலாம். தெளிவான சிக்னல் முறை. படித்த எவனும் இதைவிட எளிதாக ஒன்றைச் செய்ய முடியாது. அவர் இத்தனை நாளாக எல்லார் துணியையும் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாவது தடவை ஒரு இழுப்பு வந்தது. தண்ணீர் இல்லை, ஃபேன் இல்லை, போர்வை இல்லை, மகள் இல்லை, டாக்டர் இல்லை. பத்துப் பன்னிரண்டு சொல்லிப் பார்த்தேன். எல்லாம் தீர்ந்த பிறகு கேட்டேன்.

"குருவம்மாவா?"

இரண்டு.


ஜூன் 23, திங்கள்

விடுப்பு. துணி துவைத்தேன். அயர்ன் பண்ணினேன். சட்டைகளை நிறவாரியாக அடுக்கினேன்.


ஜூன் 24, செவ்வாய்

வெட்டாத முழுப் படம் என் போனில் இருக்கிறது. கம்பியின் அடியில் போன துணி கம்பியில் கட்டப்படவில்லை. கீழே இறங்கிப் பாய்வரை போகிறது. முனையில் ஒரு வளையம், ஒரு கை நுழையும் அளவு. பாய்த் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. குருவம்மாள் நான் வந்த சத்தம் கேட்டுத் தன் கையிலிருந்து அதை உருவிவிட்டு எழுந்திருக்கிறார். அவர் கட்டிப் போடவில்லை. நோயாளியுடன் சேர்த்துத் தன்னைக் கட்டிக்கொண்டு கண் அயர்ந்திருக்கிறார். இழுத்தால் எழுந்துகொள்ளலாம் என்று.

இப்போதுதான் பார்த்தேன் என்று எழுதலாம். நேற்று முழுக்க அப்படி எழுதுவதற்குத்தான் வாக்கியம் தேடினேன்.

அன்றைக்கே பார்த்தேன். வெட்டும்போது பார்த்தேன். அந்த வளையம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் அது இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று மட்டும் தெரிந்தது. அதனால் படச் சட்டத்தை மேலே நகர்த்தினேன்.

இன்று ஆபரேஷன் முடிந்துவிட்டதாகத் தாரிணி செய்தி அனுப்பினார். நேற்று நடக்கவில்லை, சர்க்கரை கூடியிருந்ததால் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறது. இனி பழையபடி உட்காரவே மூன்று மாதம் ஆகுமாம்.


ஜூன் 25, புதன்

முழுப் படத்தைப் பிருந்தா மேடத்திடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்ப டியூட்டில தூங்கியிருக்காங்க. பகல் தூக்கம் உங்க முப்பத்திமூணாவது கேள்விதான? அதுவும் செவப்புதான?"

"ஆமா மேடம்."

"எப்படியும் போயிருக்க வேண்டிய ஆளு. எந்த நம்பர்ல போனாங்கங்கறது முக்கியமா?"

"கட்டிப் போட்டாங்கன்னு பட்டியல்ல இருக்கு. அது பொய்."

"நீங்கதான் எழுதுனீங்க, நவநீதன்." குரலை உயர்த்தவில்லை. "அஞ்சாந்தேதி வரைக்கும் இதக் கிளற வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சாயங்காலம் டியூட்டிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு ஒருநாள் மாற்று ஆள் அனுப்ப வேண்டும் என்பது விதி. குருவம்மாளுக்குப் பத்தொன்பது நாளாக அனுப்பவில்லை. நான்கு முறை கேட்டிருக்கிறார். நான்கிலும் 'ஆள் இல்லை, அனுசரிக்கவும்' என்று பதில். இந்தப் பத்தொன்பது இரவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்ட பதிவு இருக்கிறது. அதைத்தான் நான் 'சரி' என்று டிக் அடித்தேன்.

நாற்பத்திரண்டு கேள்வி எழுதினேன். தூங்கினாயா என்று குற்றமாகக் கேட்க ஒன்று இருக்கிறது. தூங்க விட்டார்களா என்று கேட்க ஒன்றும் இல்லை.


ஜூன் 28, சனி

தாரிணியிடம் சொன்னேன், ஆஸ்பத்திரி வராந்தாவில். முழுப் படத்தையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"எடுத்த அன்னைக்கே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தம்மா பையத் தூக்கிட்டுப் போறப்ப எங்கிட்ட வந்து நின்னாங்க. நான் கதவச் சாத்திட்டேன்," என்றார். பிறகு, "ரெண்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கேன். அப்பா இழுக்கறது பேச்சுன்னு எனக்குத் தெரியலீங்க. சும்மா பழக்கம்னு நெனச்சேன்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.


ஜூலை 1, செவ்வாய்

குருவம்மாளைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. ஹாஸ்டலில் இல்லை. நம்பரும் வேலை செய்யவில்லை. கடைசியில் சரவணம்பட்டி தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கை முழுதும் உள்ளே போகும் அண்டா. என்னைப் பார்த்தும் தேய்க்கும் நாரைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க சார். இங்கயும் மார்க் போட வந்தீகளா?"

"இல்லைங்க. நான் தப்பா எழுதிட்டேன்."

"தப்பா எழுதலையே. கட்டியிருந்துச்சு. எழுதுனீக."

"மறுமுனை உங்க கையில இருந்திருக்கு. ஏன் சொல்லல?"

"சொன்னா தூங்குனேன்னு எழுதியிருப்பீக."

எழுதியிருப்பேன்.

"அவரு கண்டக்டருல்ல சார். வாய் போச்சு, கை போகலையே. நாந்தான் துணி கட்டுனேன், இழுக்கிறத அவருதான் சொல்லிக் குடுத்தாரு. ஒண்ணு இழுத்தா எந்திரிப்பேன். என்ன வேணும்னு கேப்பேன். சரியாச் சொல்லிட்டா ரெண்டு இழுப்பாரு. சில நாளு நானே சொல்லுவேன், 'பஸ்ஸு நிறைஞ்சிருச்சு, போலாம் ரைட்'னு. சிரிப்பாரு." அண்டாவைக் கவிழ்த்தார். "இப்ப எப்பிடி இருக்காரு?"

சொன்னேன். விழுந்தது, இடுப்பு, ஆபரேஷன்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"நல்ல பக்கம்," என்றார்.

அதன்பிறகு ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்டா ஏற்கெனவே சுத்தமாகிவிட்டிருந்தது.

பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவைக்கிறேன் என்றேன். திருத்தக் கடிதம் ஏழு ஏஜென்சிக்கும் போகும், ஹாஸ்டல் பலகையிலும் ஒட்டச் சொல்கிறேன் என்றேன்.

"பட்டியல் கெடக்கட்டும் சார். அந்த ஹாஸ்டல்ல பதினோரு வருசம் இருந்தேன். அவளுகளுக்குக் காச்சல் வந்தா நாந்தான் கஞ்சி வைப்பேன். எம் பொட்டிய வாசல்ல கொண்டாந்து வச்சாளுக. கெழவனக் கட்டிப் போட்டவ பக்கத்துல படுக்க மாட்டோம்னு." முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நீங்க எழுதுனது போதும். அவளுக முன்னால வந்து வாயால சொல்லுங்க."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் எல்லாவளும் இருப்பாளுக."


ஜூலை 2, புதன்

திருத்த அறிக்கையை முழுப் படத்துடன் ஆப்பில் ஏற்றினேன். 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று நிற்கிறது. ஒப்புதல் பிருந்தா மேடம் தர வேண்டும். அவர் தரமாட்டார். அதனால் ஏழு ஏஜென்சிக்கும் என் பெயரிலேயே நேராக அனுப்பினேன். ஷீலாவைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தேன்: நோயாளி அழைக்கும் முறை அவளுக்குச் சொல்லப்படவில்லை, அதற்குக் காரணம் நான்.

இரண்டு ஏஜென்சி 'பெற்றுக்கொண்டோம்' என்றன.


ஜூலை 3, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம் இருக்கிறது. திருப்பூரில். போகாவிட்டால் வருத்தப்படுவான்.


ஜூலை 5, சனி

மீட்டிங். ஒன்பதாவது ஸ்லைடு என்னுடையது. வெட்டிய படத்துக்குப் பதிலாக முழுப் படத்தை வைத்திருந்தேன். வளையத்தை அம்புக்குறி போட்டுக் காட்டினேன். "இத நான் தெரிஞ்சே மறைச்சேன்," என்றேன். பத்தொன்பது நாள் கணக்கையும் சொல்ல ஆரம்பித்தேன். பிருந்தா மேடம் பத்தாவது ஸ்லைடுக்கு மாற்றிவிட்டார்.

டீ இடைவேளையில் என் பக்கம் யாரும் வரவில்லை. பதவியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. திங்கட்கிழமை எம்.டி.யைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. ஏ.சி. அறை, திரை, அம்புக்குறி. நாளை ஹாஸ்டலில் இதில் எதுவும் இருக்காது.


ஜூலை 6, ஞாயிறு

திருப்பூர் போகவில்லை.

சிங்காநல்லூர் ஹாஸ்டல். மாடியில் நீளமான ஒரே அறை, சுவரோரம் டிரங்குப் பெட்டிகள். பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குருவம்மாள் கீழே படிக்கட்டடியிலேயே நின்றுகொண்டார். "நீங்க போங்க சார். நான் இங்கிருந்து கேக்குறேன்."

நான் நுழைந்ததும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் முந்தானையைச் சரி செய்தார்கள். ஒருத்தி சட்டென்று நகத்தைப் பார்த்துக்கொண்டாள். என்னைக் கண்டால் இவர்கள் இப்படித்தான் ஆகிறார்கள் என்பது எனக்கு இதுவரை மரியாதையாகத் தெரிந்திருந்தது.

"உட்காருங்க. நான் செக்கிங் வரல."

நின்றவர்கள் உட்காரவில்லை.

வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டேன். "குருவம்மா அவரக் கட்டிப் போடல," என்றேன். "அந்தத் துணியோட இன்னொரு முனை அவங்க கையில இருந்தது. அவரு இழுத்தா எந்திரிக்கறதுக்காக. அந்த முனைய நான் படத்துல இருந்து வெட்டிட்டேன். தெரிஞ்சேதான் வெட்டினேன். அவங்க மேல தப்பு இல்ல. எம்மேல."

ஒருத்தி படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

மூலையிலிருந்த மரகதம் என்ற அம்மாள் தட்டைக் கீழே வைத்தார். பேச்சு என்னிடம் இல்லை. பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார்: "பொட்டியத் தூக்கினது நீதானடி."

"நீயுந்தான் ஒரு பக்கம் புடிச்ச."

"நான் புடிக்கலைன்னு இப்ப யாரு சொன்னா? போய் அவளக் கூப்புடு, சோறு ஆறுது."

அந்தப் பெண் இறங்கிப் போனாள். கீழே என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. நேரம் பிடித்தது. பிறகு குருவம்மாள் படியேறி வந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வட்டத்தில் இருவர் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது, கிளம்பலாம் என்று நினைத்தேன்.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் மரகதம். "போன மாசம் எனக்கு இருபத்தொன்பது போட்டீங்க. துணி மாத்தலன்னு. அந்த வீட்டுல தண்ணி ரெண்டு நாளா வரலீங்க. அது எங்க போயிச் சொல்றது?"

"எனக்கு இருபத்தாறு," என்றது இன்னொரு குரல்.

"காரமடையில ஜோதின்னு ஒரு பொண்ணு. செவப்புன்னு சொல்லி எடுத்தீங்களே. அவளும் இப்படித்தானுங்களா?"

நினைவில்லை என்றேன். உண்மையாகவே நினைவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் என் கணக்கில் சிவப்பில் போனவர்கள் பதினெட்டுப் பேர். காரமடை ஜோதி ஏழாவது. அவள் படத்தைத் திறந்தேன். சதுரமாக இருந்தது. சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. முழுப் படங்களை மாதாமாதம் அழித்துவிடுவேன், போனில் இடம் போதாது என்று.

"தெரியலீங்க," என்றேன்.

"தெரியலன்னா?" என்றார் மரகதம். கோபமாகக் கேட்கவில்லை. அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்பதுபோல் கேட்டார்.

குருவம்மாள் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவள்ட்டக் கேட்டாத் தெரியும்ல," என்றார்.


ஜூலை 7, திங்கள்

எம்.டி. பத்து நிமிடம் பேசினார். மாத இறுதியோடு நிற்கச் சொல்லிவிட்டார். ஆப்பிலிருந்து என் பெயரை எடுப்பதற்குள் அந்தப் பதினெட்டுப் பேர் நம்பரையும் தாளில் எழுதிக்கொண்டேன்.

குருவம்மாள் காலையில் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். தாரிணி சொன்னார். வேலைக்கு வரச் சொல்லித் தாரிணி கேட்டிருக்கிறார். வாரம் ஒருநாள் மாற்று ஆள் உண்டா என்று குருவம்மாள் திருப்பிக் கேட்டாராம். அந்த நாளில் தானே பார்த்துக்கொள்வதாகத் தாரிணி சொல்லியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.

சாயங்காலம் முதல் நம்பரைப் போட்டேன். உபயோகத்தில் இல்லை.

இரண்டாவதில் ஒரு ஆண் எடுத்தார். பெயரைச் சொன்னேன். "எங்கம்மா வேலைக்கே போறதில்ல, வைங்க," என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது நம்பர் துடியலூர் சாந்தகுமாரி. நான்கு மணிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஐந்துக்கு அடித்தேன், எடுத்தார். யார் என்று சொன்னேன். வேலை விஷயம் இல்லை என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது, நான் கேட்காமல் விட்டது என்ன என்று தெரிய வேண்டும் என்றேன்.

"இப்பக் கேக்கறீங்களா?"

"ஆமாங்க."

"அது பெரிய கதைங்க."

"சொல்லுங்க."

"இருங்க, அடுப்ப அணைச்சுட்டு வாரேன்," என்றார்.

போனை வைக்கவில்லை. பாத்திரச் சத்தம் கேட்கிறது. யாரையோ ஏதோ சொல்கிறார். ஆறு நிமிடம் ஆகிவிட்டது. காதில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.